மீசைக்குத் தர வேண்டிய வருஷம்

கூட்டம் ஐந்து மணிக்கு என்றால் அக்கா நாலேகாலுக்கே வந்துவிடுவார். பையை மேஜைமேல் வைப்பார், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிடுவார், முதல் வேலையாகக் கடைசி இரண்டு வரிசை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டுபோய் வராந்தாவில் அடுக்குவார். எட்டு வருஷமாக ஒவ்வொரு மாதமும் இதே வேலை. மதியமே வந்து அத்தனை நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டுவைத்த வாட்ச்மேன் கதவோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்.

"நான் போடறதே நீங்க எடுக்கறதுக்குத்தான் போலிருக்கு."

"நீங்க போடாம விட்டா நான் எதை எடுக்கறது? எனக்கும் உடற்பயிற்சி வேணாமா?"

பொறியாளர் சங்கத்தின் அந்தக் கிளை ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே எந்திரம் ஓடினால் மேலே தண்ணீர்க் குவளைகள் நடுங்கும். சங்கத்தில் மூத்த பொறியாளர்கள் நிறைய. அவர்கள் தாமாகவே வருவார்கள், தாமாகவே பேசுவார்கள், தாமாகவே கைதட்டிக்கொள்வார்கள். கல்லூரிப் பிள்ளைகளையும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களையும் இழுத்துவருவதுதான் பாடு. அந்தப் பாட்டை அக்காவின் தலையில் கட்டி, மாணவர் பிரிவுச் செயலாளர் என்று பெயரும் கொடுத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது.

நாற்காலி விஷயத்தைக் கேட்டால் அக்கா சொல்வார்: "முதல்தடவை வர்ற பிள்ளைங்க கண்ணு நேரா கடைசி வரிசைக்குத்தான் போகும். அங்க உட்கார்ந்தா டீ வர்றதுக்குள்ள நழுவிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் வராது. வரிசையே இல்லைன்னா எங்க போய் உட்காரும்?"

அப்படி உட்கார இடமில்லாமல் முன்வரிசையில் வந்து விழுந்தவள்தான் லிஃப்ட்காரர் மகள். கல்லூரி மூன்றாம் வருஷம். அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். அவர்கள் வீட்டில், அப்பா வழியிலும் சரி அம்மா வழியிலும் சரி, கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அன்று பஸ் தாமதமாகி, மூச்சு வாங்க வந்து நின்றபோது பின்னால் ஒரு நாற்காலிகூட இல்லை. அக்கா முதல் வரிசை நடு நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டினார். அன்றிலிருந்து அவளுக்கு 'முன்வரிசை' என்று பெயர். அக்கா வைத்தது, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே அவள் ஒரு பொய்யும் சொன்னாள்.

டீ நேரத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு அப்பா மின்வாரியத்தில். ஒருவனுக்குச் சித்தப்பா பாலம் கட்டுகிறார். இன்னொருவன், மேலுதட்டில் அப்போதுதான் அரும்பியிருந்ததை முறுக்கிமுறுக்கி 'மீசை' என்று பேர் வாங்கியவன், "எங்க அண்ணன்தான் எனக்கு எல்லாம்" என்றான். அண்ணன் ஒரு ஆலையில் ஃபோர்மன். எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது. "எங்க மாமா இன்ஜினியர்" என்றாள். எந்தத் துறை என்று யாரோ கேட்டார்கள். "சிவில்" என்றாள். வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்கு இருந்த ஒரே மாமா வாடகை லாரி ஓட்டினார்.

யாரும் சந்தேகப்படவில்லை. பொய்யும் சின்னதாக, சாதுவாக ஒரு மூலையில் கிடந்தது. இரண்டு வருஷம் அதை யாரும் தொடவில்லை.

அக்காவின் பிழைப்பு ஒரு பம்ப் தொழிற்சாலையில். ஓடுகிற பம்பின் மேல் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் வைத்து, உள்ளே பேரிங் எப்படி ஓடுகிறது என்று கேட்பார். முகத்தைப் பார்த்தே பக்கத்தில் நிற்பவர்கள் தெரிந்துகொள்வார்கள், தேறுமா தேறாதா என்று. கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. அக்கா அவற்றிலும் பார்ப்பார், பிறகு ஒருதரம் காதையும் வைப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தார். வீட்டில் அவருடைய அறையில் கட்டிலுக்கு இருந்த இடத்தைவிட ஃபைல்களுக்கு இருந்த இடம் அதிகம்.

"எங்க அக்காவுக்குச் சம்பளம் இல்லாத வேலைன்னா உயிர்" என்று தம்பி கேலி செய்வார். "நாளைக்கே சம்பளம் தரேன்னு சொல்லிப் பாருங்க, ராஜினாமா பண்ணிடும்."

படிப்பு முடிகிற ஒவ்வொரு வருஷமும் அக்காவுக்கு ஒரு பெரிய வேலை வரும். மாணவ உறுப்பினர்களைப் பட்டதாரி உறுப்பினர்களாக மாற்ற வேண்டும். அதற்கு ஒரு படிவம். அந்தப் படிவத்தில், பிள்ளையை நேரில் அறிந்த ஓர் அனுபவப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் போடக் கூடாது. ஒரு கிளையிலிருந்து எல்லாப் படிவங்களும் ஒரே பட்டியலாக, ஒரே கடிதத்தோடு, மாதக் கடைசிக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் அந்த வருஷத்துப் பதிவு. ஒரு நாள் தப்பினாலும் அடுத்த வருஷத்துப் பதிவு. பட்டியலில் இல்லாதவர்களும் அப்படித்தான்.

எல்லாப் பெயரும் சேராமல் அக்கா பட்டியலை அனுப்பமாட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் படித்த காலத்தில், கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் அவர் அலைந்துகொண்டிருந்தபோது, அப்போதைய செயலாளர் "உன்னோடது அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்று மற்றவர்களின் பட்டியலை அனுப்பிவிட்டார். அந்த அப்புறம் வருவதற்கு நாலு வருஷம் ஆயிற்று.

லிஃப்ட்காரர் மகளின் செட்டில் பன்னிரண்டு பேர். பதினாலாம் தேதிக்குள் பதினொரு படிவம் வந்துவிட்டது. வராதது முன்வரிசையினுடையது.

"என்ன, மாமாகிட்ட கையெழுத்து வாங்கிட்டியா?" என்று அக்கா போனில் கேட்டார்.

"மாமா வெளியூர்ல இருக்காருக்கா. வெள்ளிக்கிழமை வந்துடுவாரு."

வெள்ளிக்கிழமை, மாமாவுக்கு உடம்பு சரியில்லை. திங்கட்கிழமை, மாமா சைட்டில் மாட்டிக்கொண்டார். இல்லாத மாமாவை அவள் எங்கெங்கோ அனுப்பினாள். படிவம் அவள் தலையணைக்கு அடியில் கிடந்தது. கல்லூரியில் ஓர் ஆசிரியரிடம் போய் நின்றாள். அவர் கேட்பதற்குள் "சும்மாதான் சார்" என்று திரும்பிவிட்டாள். இரண்டு வருஷம் எல்லோரிடமும் மாமா மாமா என்றுவிட்டு இப்போது எந்த முகத்தோடு இன்னொருவரிடம் கேட்பது? இன்று போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பாள். சாயங்காலம் மாமாவுக்கு இன்னொரு வேலை வந்துவிடும்.

ஒன்றாம் தேதி அவள் அச்சகத்து மாடிப்படி ஏறினாள். அக்கா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா வரலைக்கா."

அக்கா தொழிற்சாலைக்குப் போன் போட்டார். அரை மணியில் அங்கிருந்து, சங்கக் கூட்டங்களில் அவளைப் பார்த்திருந்த ஒரு மூத்த பொறியாளர் வந்தார். அவளுடைய கடைசி வருஷப் புராஜெக்ட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் கேட்டார், "நல்லா செஞ்சிருக்கம்மா" என்றார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பத்தே நிமிஷம். அக்கா அன்றே பட்டியலை அனுப்பினார். ஒரு நாள் தாமதம்.

பன்னிரண்டு பேருக்கும் அந்த வருஷம் போயிற்று.

எல்லோரையும் கூப்பிட்டு அக்கா சொன்னது இரண்டு வார்த்தை. "மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க." முன்வரிசையில் உட்கார்ந்து அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து சொல்லியிருக்கலாம். காலில் பலம் இருந்தது, வாயில் நாக்கு இருந்தது. சொல்லவில்லை.

பத்துப் பேருக்கு அது பெரிய நஷ்டமில்லை. முணுமுணுத்துவிட்டுத் தங்கள் வேலைகளைப் பார்க்கப் போனார்கள். மீசைக்கு மட்டும் இடி. குடிநீர்த் துறையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது; அந்த வருஷத்துப் பதிவு எண்ணைக் கொடுத்தால்தான் சேரலாம் என்பது நிபந்தனை. அவன் அவகாசம் கேட்டுப் பார்த்தான். அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அக்காவின் பையில் ஒரு சின்ன நோட்டு சேர்ந்தது அதற்குப் பிறகுதான். பன்னிரண்டு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே '1 வருஷம்'. மாதத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். மூன்று தடவை ரயிலேறித் தலைமை அலுவலகத்துக்கே போய், பெஞ்சில் காத்திருந்து பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் ஒரு வழி பிறந்தது: பொறியாளர் வேலையில் சேர்ந்துவிட்டவர்கள், வேலை கொடுத்தவரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் அந்த வருஷத்தைத் திருப்பித் தருவார்கள். ஒவ்வொருவராகத் துரத்திக் கடிதம் வாங்கினார். பதினொரு பெயர் அடிபட்டது. முன்வரிசையின் பெயரும் அடிபட்டது; அவள் அப்போது ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். மீசைக்கு மட்டும் கடிதம் கொடுக்க யாருமில்லை. வேலை போனதால் வருஷம் கிடைக்கவில்லை, வருஷம் போனதால்தான் வேலையே போனது.

"அவனுக்குத் தனி மனு போடணும்" என்றார் அக்கா. "போட்டிருக்கேன். வந்துடும்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. வந்துவிடும் என்று அக்காவே சொன்னபிறகு என்ன கேட்பது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அடுத்த வருஷம் அக்கா இளைக்க ஆரம்பித்தார். நாற்காலிகளை ஒவ்வொன்றாகத்தான் தூக்க முடிந்தது. "உடற்பயிற்சியைக் குறைச்சுட்டேன்" என்று வாட்ச்மேனிடம் சொன்னார். பிறகு வாட்ச்மேனே சொல்லாமல் கொள்ளாமல் கடைசி இரண்டு வரிசையைப் போடாமல் விட்டார். அதைப் பார்த்த அன்று அக்கா முகம் தொங்கிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்தாவது மாடியில் சேர்த்தார்கள். அவள் சாயங்காலம் பார்க்கப் போனாள். அப்பாதான் லிஃப்ட்டில் இருந்தார். ஐந்தாவது மாடியில் சேர்ந்தவர்கள் பிழைத்து இறங்குவது அபூர்வம் என்று அவருக்குத் தெரியும்; அந்தப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் அவர் யாரிடமும் பேச்சுக் கொடுப்பதில்லை. அன்று பேசினார்.

"பாப்பா, நீ பார்க்கப் போற அந்தம்மாவை எனக்கு முன்னமே தெரியும். நீ மூணாவது வருஷம் படிச்சப்போ யாரையோ பார்க்க வந்தாங்க. சட்டையில உங்க சங்கத்து பேட்ஜ் இருந்துச்சு. எம்பொண்ணும் இன்ஜினியரிங்தான்னு சொன்னேன். பேரெல்லாம் கேட்டாங்க. எங்க ரெண்டு குடும்பத்துலயும் காலேஜ் போன முதல் ஆள் இவதான்னு சொன்னேன். அப்படி ஒரு சந்தோஷம் அவங்களுக்கு. என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க."

லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை.

"என்னம்மா? அஞ்சு வந்துடுச்சு."

அறையில் அக்கா தலையணையில் சாய்ந்திருந்தார். கை, காகிதம் போல் ஆகியிருந்தது. பக்கத்து மேஜையில் மருந்துகளுக்கு நடுவே அந்தச் சின்ன நோட்டு.

"வா முன்வரிசை. இங்க பாரு, ஒரே ஒரு நாற்காலிதான். உனக்கு வேற வழியே கிடையாது."

அவள் உட்கார்ந்தாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அக்கா, எனக்கு இன்ஜினியர் மாமா இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவே தெரியுமா?"

"அப்பவே."

"அப்புறம் ஏன்க்கா கேட்கலை? ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"கேட்டா நீ குறுகிப் போயிடுவேன்னு நினைச்சேன். அப்படியே ஓடிப் போயிட்டா? நீயா வந்து சொல்லுவே, இன்னைக்கு சொல்லுவே, நாளைக்கு சொல்லுவேன்னு இருந்தேன்." அக்கா மூச்சு வாங்கினார். "பேரிங் சத்தம் கேட்குது, கழட்டாம நின்னுட்டேன். தப்பு என்னுதுதான்."

"என்னுதுக்கா."

"சரி, ஆளுக்குப் பாதி. ஆனா பொறுப்புல இருந்தது நான்." நோட்டை விரலால் தொட்டார். "எல்லாம் முடிஞ்சுது. மீசையோட வருஷம் மட்டும்தான் பாக்கி."

"அதுக்கு நான் ஏதாவது செய்யணுமாக்கா?"

அக்கா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஏதோ சொல்ல வந்து, உதடு பிரிந்து, மூடிக்கொண்டது போல் இருந்தது. "நீ உன் வேலையைப் பாரு. அதை நான் பார்த்துக்கறேன்" என்றார் அக்கா.

இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். அவளோ, கேட்டாயிற்று என்று நிம்மதியாகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

ஒன்பது நாளில் அக்கா போய்விட்டார்.

வழியனுப்ப வந்த கூட்டம் தெருமுனை வரை நின்றது. தொழிற்சாலை ஆட்கள், எட்டு வருஷத்துப் பிள்ளைகள், வாட்ச்மேன். "சம்பளம் வாங்காமலே இவ்வளவு பேரைச் சேர்த்து வெச்சிருக்கே" என்று தம்பி அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார், கேலி செய்கிற அதே குரலில். பாதியில் அது உடைந்தது. அவள் கூட்டத்தில் மீசையைத் தேடினாள். அவன் வரவில்லை.

மாணவர் பிரிவை அவளிடம் கொடுத்தார்கள். தம்பி வீட்டிலிருந்து ஃபைல்களும் அந்தச் சின்ன நோட்டும் மூன்று அட்டைப்பெட்டிகளில் வந்தன. மீசையின் தனி மனு முதல் பெட்டியிலேயே இருந்தது. மூன்று தடவை போய் மூன்று தடவையும் திரும்பி வந்த மனு. ஏழாம் கட்டத்தில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று இருந்தது. முதல் தடவை அக்கா 'என் மறதி' என்று எழுதியிருந்தார். இரண்டாம் தடவை 'முழுக்க என் கவனக்குறைவு'. தலைமை அலுவலகம் பதில் எழுதியிருந்தது: இவை ஏற்கத்தக்க காரணங்கள் அல்ல, வேறொரு உறுப்பினருக்காகப் பட்டியல் காத்திருந்ததென்றால் அவருடைய கடிதத்தை இணைத்தால் மனு பரிசீலிக்கப்படும். மூன்றாம் தடவை அக்கா ஏழாம் கட்டத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பியிருந்தார்.

ஒரு கடிதம். அவள் எழுதித் தந்திருக்க வேண்டியது. இரண்டு வருஷமாக அக்கா அதைக் கேட்கவில்லை. அன்று கட்டிலில் உதடு பிரிந்து மூடியது இதற்குத்தான்.

அவள் அன்றே உட்கார்ந்து எழுதினாள். மாமா என்று ஒருவர் கிடையாது என்பதிலிருந்து ஆரம்பித்து, ஒன்றாம் தேதி வரை, ஒன்றையும் விடாமல். கையெழுத்துப் போட்டு, மனுவோடு இணைத்து அனுப்பினாள். இருபது நாளில் பதில் வந்தது. மரியாதையான, சின்ன பதில். கடிதம் கிடைத்தது, ஆனால் மனுவில் அப்போதைய செயலாளர் புதிதாகக் கையொப்பமிட வேண்டும், அவர் காலமாகிவிட்டதால் கோப்பு முடிக்கப்படுகிறது.

மீசை தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம் விற்கும் கடையில் இருந்தான். அவள் போனபோது தரையில் சம்மணமிட்டு ஒரு ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். மீசை இப்போது நிஜமாகவே அடர்த்தியாக இருந்தது. யாரும் கேலி செய்ய முடியாது.

"அடடே, முன்வரிசை! வீட்டுக்கு மெஷின் வேணுமா?"

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அப்போ அவங்க மறக்கலையா?"

"மறக்கலை."

"எனக்கு முன்னாடி உட்கார்ந்து, மறந்துட்டேன்னு சொன்னாங்களே."

"என்னை மறைக்கறதுக்கு."

கடைக்குள் ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, இருவர் முகத்தையும் கண்டு வெளியே போய் நின்றார்.

"நான் அன்னைக்குப் போகலை" என்றான் மீசை. "தகவல் வந்துச்சு. இங்கயேதான் உட்கார்ந்திருந்தேன். என் பொழப்பையே மறந்தவங்களைப் போய்ப் பார்க்க என்ன இருக்குன்னு..." நிறுத்தினான். "மாசா மாசம் போன் பண்ணுவாங்க. 'உன் வருஷம் என்கிட்ட இருக்குடா, திருப்பிக் கொடுத்துடுவேன்'னு சொல்லுவாங்க. கடைசியா பண்ணப்போ நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'நீங்களே வெச்சுக்கோங்க'ன்னு சொன்னேன்."

அவள் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் வேற ஏதாவது வழி பார்க்கறேன். தலைமை அலுவலகத்துக்கு நேர்லயே போய்..."

"வேணாம்." கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் சொன்னான். "அது அவங்க எனக்குத் தர வேண்டியது. அதை நீ வந்து அடைக்காதே. நீ எனக்குத் தர வேண்டியது வேற. அதை இன்னைக்குப் பேச எனக்குத் தெம்பு இல்லை. போயிட்டு வா."

அந்த மாதக் கூட்டத்துக்கு அவள் நாலேகாலுக்கே போனாள். வாட்ச்மேன் எல்லா வரிசையும் போட்டுவைத்திருந்தார், கடைசி இரண்டும் சேர்த்து. அவள் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வராந்தாவுக்குக் கொண்டுபோனாள். அவர் கதவோரம் நின்று பார்த்தார். கீழே அச்சு எந்திரம் ஓட ஆரம்பித்து, குவளைகள் நடுங்கின.

பிள்ளைகள் வர இன்னும் நேரம் இருந்தது. பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தாள். பதினொரு பெயர்களின் மேல் அக்காவின் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக. பன்னிரண்டாவது பெயரின் மேல் ஒன்றுமில்லை. 'மீசை, 1 வருஷம்' என்பதை அக்கா மேலும் மேலும் எழுதி அழுத்தியதில் தாள் அடுத்த பக்கம் வரை பள்ளமாகியிருந்தது. அவள் விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள். பேனாவைத் திறக்காமலே நோட்டை மூடிவைத்தாள்.